ஒரு துளையும் நான்கு துளைகளும்

சாமல்பட்டியில் எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் பிராட்பேண்ட் வந்தபோது, மோடத்தின் முதுகில் லேன் ஒயர் சொருக ஒரே ஒரு துளைதான் இருந்தது. இன்று அதே சுவரில் தொங்கும் ஃபைபர் பெட்டியில் நான்கு துளைகள். ஒரு துளை இருந்த காலத்தில் எங்கள் வீட்டில் மூன்று கம்ப்யூட்டர்கள் ஒயரில் ஓடின. நான்கு துளைகள் வந்த பிறகு வெகுநாள் வரை ஒன்றில்கூட ஒயர் ஏறவில்லை. வேகம் ஏறக்குறைய 400 மடங்கு கூடியிருக்கிறது. அந்த வேகத்தை வீட்டுக்குள் பங்கு போடும் பழக்கமும் உரிமையும் எங்கள் கையை விட்டுப் போய்விட்டன. அது போன விதத்தை எழுதி வைக்க வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக ஆசை.

ஜோலார்பேட்டை–சேலம் ரயில் பாதையில், காக்கங்கரைக்கும் தாசம்பட்டிக்கும் நடுவில் இருக்கிறது சாமல்பட்டி ஸ்டேஷன். ஊத்தங்கரை வட்டம். 2004 பிப்ரவரியில் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தபோது நாங்களும் கிருஷ்ணகிரிக்காரர்கள் ஆனோம். மாந்தோப்பு, புளியமரம், நிலக்கடலை, கருங்கல் இவைதான் ஊர். எண்பதுகளில் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று ஓசூர் விரிந்ததிலிருந்து எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வேலை என்றால் ஓசூர், கொஞ்சம் கூடுதலாகப் படித்தால் பெங்களூர். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் சந்தையில் ஒரே நேரத்தில் காதில் விழும். எல்லையோர ஊருக்கு இருக்கும் ஒரு வசதி, மாநிலத் தலைநகரைவிடப் பக்கத்து மாநிலத் தலைநகர் கிட்டத்தில் இருப்பது. கம்ப்யூட்டர் சாமான் வாங்கச் சென்னை ரிச்சி தெருவுக்கு நாங்கள் போனதில்லை. பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்குத்தான் போவோம்.

வீட்டின் முன்னறையில் நான் டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். கல்யாணப் பத்திரிகை, பயோடேட்டா, பத்திரத்துக்கு முன்மாதிரி அடித்துக் கொடுப்பது. அதற்கு ஒரு கம்ப்யூட்டர். அண்ணன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் இருந்தார். சனிக்கிழமை இரவு பஸ் பிடித்து வருவார். நடு அறையில் அவருடைய கம்ப்யூட்டர். தங்கை பர்கூர் அரசு பொறியியல் கல்லூரிக்கு வீட்டிலிருந்தே போய் வந்தாள். கொல்லைப் பக்கம் இருந்த அறையில் அவளுக்கு ஒன்று, அண்ணன் பழைய பாகங்களைச் சேர்த்துக் கட்டிக் கொடுத்தது. ஆக மூன்று. மூன்றுக்கும் சேர்த்து இருந்தது ஒரு டெலிபோன் லைன்.

பிராட்பேண்டுக்கு முன்பு டயல்-அப் இருந்தது. இன்டர்நெட்டுக்குள் போனால் போன் எங்கேஜ் ஆகிவிடும். ஓசூரிலிருந்து அண்ணன் கூப்பிட்டால் கிடைக்காது. அதைப் பங்கு போட யாருக்கும் தோன்றாது, பங்கு போட அதில் ஒன்றும் இல்லை. வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது. அதன் பிறகு பத்தாண்டுகளுக்கு எங்களைப் போன்ற ஊர்களுக்கு அது எட்டிப் பார்க்கும் ஜன்னலாகத்தான் இருந்தது. 2004-ஆம் ஆண்டு பிராட்பேண்ட் கொள்கையில் மத்திய அரசு ஒரு கோடு கிழித்தது: நொடிக்கு 256 கிலோபிட் வேகமும், எப்போதும் அறாத இணைப்பும் இருந்தால் அது பிராட்பேண்ட். 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் என்ற பெயரில் சேவையைத் தொடங்கியது. பெரிய நகரங்கள் முடிந்து எங்கள் ஊர் எக்ஸ்சேஞ்சுக்கு அது வந்து சேர இன்னும் சில ஆண்டுகள் ஆயின.

256 கிலோபிட் என்றால் நொடிக்கு 32 கிலோபைட். ஐந்து எம்.பி. பாட்டு ஒன்று இறங்க இரண்டே முக்கால் நிமிடம். 700 எம்.பி. சிடி ஒன்றை இறக்க ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல், அதுவும் வேறு யாரும் லைனைத் தொடாமல் இருந்தால். ஒருவர் தொட்டால் மற்றவருக்குக் குறையும் என்பது கண்ணெதிரே தெரிந்த காலம் அது. தங்கை பாடக் குறிப்பு இறக்கினால் முன்னறையில் என் கடையில் மின்னஞ்சல் திறக்காது. அதனால் பங்கீட்டுக்கு வீட்டில் ஒரு ஒழுங்கு வந்தது. பகலில் கடைக்கு, மாலையில் தங்கைக்கு, இரவு பெரிய கோப்புகளுக்கு. யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததில்லை. தண்ணீர் வரும் நேரத்துக்கு வீடு தானாக ஒழுங்காவதைப் போல அது ஆனது.

லைன்மேன் வந்து இணைப்பு கொடுத்துவிட்டுப் போன அன்று அவர் முன்னறைக் கம்ப்யூட்டரில் ஒரு சின்னப் படத்தை வைத்தார். அதை அழுத்தி யூசர் நேம், பாஸ்வேர்டு போட்டால் இணைப்பு. ஒரு கம்ப்யூட்டருக்கு அது போதும். இரண்டாவதுக்கு என்ன செய்வது என்று கேட்டேன். “ரெண்டு சிஸ்டமா? அது உங்க பாடு தம்பி. நான் மோடம் வரைக்கும்தான்” என்றார். அந்த வார்த்தையில் எனக்கு அன்று வருத்தம் இல்லை. இன்று நினைத்தால் மரியாதையே வருகிறது. மோடம் வரை அவருடையது, அதற்குப் பிறகு எங்களுடையது. கோடு தெளிவாக இருந்தது.

அண்ணன்தான் வழி சொன்னார். விண்டோஸ் 98-இன் இரண்டாம் பதிப்பிலிருந்து, அதாவது 1999 முதல், ஒரு கம்ப்யூட்டர் தன் இன்டர்நெட் இணைப்பை மற்றவற்றோடு பகிர்ந்துகொள்ளும் வசதி உள்ளேயே இருந்தது. விண்டோஸ் எக்ஸ்பி-யிலும் இருந்தது. இணைப்பின் பண்புகளைத் திறந்து, மற்றவர்களும் இதன் வழியாகப் போகலாம் என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும். ஆனால் அந்தக் கம்ப்யூட்டருக்கு இரண்டு லேன் கார்டு தேவை. ஒன்று மோடத்தை நோக்கி, இன்னொன்று வீட்டை நோக்கி. அடுத்த வாரம் அண்ணன் பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்குப் போய் ரியல்டெக் சிப் வைத்த கார்டுகள், எட்டுத் துளை ஸ்விட்ச் ஒன்று, கேட்-5இ ஒயர், ஒரு பிடி ஆர்ஜே-45 கனெக்டர், கிரிம்பிங் கருவி எல்லாம் வாங்கி வந்தார். எஸ்.பி. ரோட்டில் ஒயரை மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். பெட்டியாக வாங்க வேண்டியதில்லை. எங்களைப் போன்ற வீட்டுக்கு அது பெரிய உதவி.

ஒயர் முனையில் கனெக்டர் பொருத்தும் வேலையைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். மேல் உறையை ஓர் அங்குலம் சீவி எடுத்தால் உள்ளே எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடிகள். முறுக்கைப் பிரித்து, கட்டை விரலால் நீவி நேராக்கி, ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீலம்-வெள்ளை, பச்சை, பழுப்பு-வெள்ளை, பழுப்பு என்று அடுக்க வேண்டும். நுனியைச் சமமாக வெட்டி, கனெக்டரின் அடிவரை தள்ளி, கண்ணாடிப் பிளாஸ்டிக் வழியாக எட்டு செம்பு நுனியும் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து, கருவியில் வைத்து அமுக்கினால் ‘கடக்’ என்று ஒரு சத்தம் வரும்.

இதில் கவனிக்க வேண்டியது பச்சை ஜோடி. அது பக்கத்தில் பக்கத்தில் போகாது. மூன்றாவது இடத்துக்கும் ஆறாவது இடத்துக்கும் பிரிந்து, நடுவில் நீல ஜோடியை வைத்துக்கொள்ளும். பலர் இது தெரியாமல் ஜோடி ஜோடியாகவே அடுக்கிவிடுவார்கள். இரண்டு முனையிலும் ஒரே மாதிரி அடுக்கியிருந்தால் டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரியும். ஆனால் கோப்பு போகும்போது இணைப்பு தடுமாறும். காரணம், முறுக்கிய இரண்டு கம்பிகளும் ஒரே சைகையின் போக்கும் வரத்துமாக இருந்தால்தான் வெளிக் குறுக்கீட்டை ஒன்றையொன்று அடித்துவிட முடியும். ஜோடி மாறினால் முறுக்குக்கு அர்த்தம் போய்விடுகிறது. 100 மெகாபிட் வேகத்துக்கு எட்டில் நான்கு கம்பிகளே வேலை செய்கின்றன: ஒன்று, இரண்டு, மூன்று, ஆறு. மற்ற நான்கும் சும்மா உடன் போகும். ஜிகாபிட் வந்த பிறகுதான் எட்டுக்கும் வேலை. இதெல்லாம் அண்ணன் தரையில் உட்கார்ந்து, எனக்கும் தங்கைக்கும் கம்பியைக் கையில் கொடுத்துச் சொன்னவை. தங்கையின் பாடப் புத்தகத்திலும் இது இருந்தது. ஆனால் பச்சை ஏன் பிரிகிறது என்பதை விரலால் அறிந்தது அன்றுதான் என்று அவள் இப்போதும் சொல்வாள்.

முன்னறையிலிருந்து கொல்லை அறைக்கு முப்பது மீட்டர் இருக்கும். வென்டிலேட்டர் வழியாக வெளியேறி, ஓட்டுச் சரிவுக்குக் கீழே ஆணியடித்துக் கொண்டுபோனோம். ஒரு ஒயர் 100 மீட்டர் வரை போகலாம் என்பது விதி. எங்களுக்கு அது தாராளம். வெயிலில் உறை வெடிக்கும், அணில் கடிக்கும். கடித்த இடத்தை வெட்டிவிட்டு இரு முனைக்கும் கனெக்டர் போட்டு நடுவில் இணைப்பான் வைப்போம்.

மூன்று கம்ப்யூட்டரும் ஒரே இணைப்பில் எப்படிப் போகின்றன என்று அம்மா கேட்டார். அவருக்குச் சொன்ன விளக்கத்தைவிட நல்லது எனக்கு இன்றும் கிடைக்கவில்லை. எங்கள் பக்கத்துக் கொட்டாய்களுக்கு வரும் கடிதங்களில் கேர் ஆஃப் என்று ஸ்டேஷன் பக்கத்து மளிகைக் கடையின் பெயர் இருக்கும். தபால்காரருக்குக் கடை மட்டும்தான் தெரியும். எந்தக் கொட்டாய்க்கு எந்தக் கடிதம் என்று கடைக்காரருக்குத் தெரியும். வீட்டுக்குள் நம் கம்ப்யூட்டர்களுக்கு 192.168 என்று தொடங்கும் உள்முகவரிகள். வெளியுலகுக்கு ஒரே முகவரி. உள்ளேயிருந்து ஒரு கேள்வி போகும்போது, அதன் மீது ஓர் எண்ணைப் போட்டு, எந்த அறைக்கு எந்த எண் என்று பட்டியலில் எழுதிக்கொண்டு வெளியே அனுப்புகிறது பகிரும் கம்ப்யூட்டர். பதில் வந்ததும் எண்ணைப் பார்த்து உரிய அறைக்குத் தள்ளுகிறது. அந்த எண்கள் 65,536 வரை உண்டு. மூன்று கம்ப்யூட்டருக்கு அது கடல்.

இந்த ஏற்பாட்டுக்கு நாட் என்று பெயர். 1994 மே மாதம் எகேவாங், ஃபிரான்சிஸ் என்ற இருவர் இதை ஆவணமாக வெளியிட்டார்கள். ஐபி முகவரிகள் மொத்தம் 429 கோடிதான், சீக்கிரம் தீர்ந்துவிடும், நிரந்தர வழி வரும் வரை இது ஒரு குறுகிய காலத் தீர்வு என்றுதான் அவர்களே எழுதினார்கள். முப்பது ஆண்டு தாண்டியும் உலகம் அந்தக் குறுகிய காலத் தீர்வில்தான் ஓடுகிறது. இந்தச் சங்கதி இங்கே ஏன் முக்கியம் என்பது பின்னால் வரும்.

முதல் ஏற்பாட்டில் ஒரு தொந்தரவு இருந்தது. முன்னறைக் கம்ப்யூட்டர் ஓடினால்தான் மற்ற இரண்டுக்கும் இன்டர்நெட். கடை சாத்தும்போது கொல்லையிலிருந்து குரல் வரும்: “அண்ணா, சிஸ்டத்த ஆஃப் பண்ணிடாத, எனக்கு இன்னும் பாதி எறங்கணும்.” பிறகு அண்ணன் மோடத்தையே ரவுட்டராக மாற்றினார். பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்து, அட்மின், அட்மின் என்று போட்டால் மோடத்தின் உள்ளே போகலாம். யூசர் நேமையும் பாஸ்வேர்டையும் அங்கேயே எழுதி வைத்துவிட்டால் மோடமே டயல் செய்யும், மோடமே பங்கு போடும். மோடத்தின் ஒற்றைத் துளையிலிருந்து ஸ்விட்சுக்கு ஒரு ஒயர், ஸ்விட்சிலிருந்து மூன்று அறைகளுக்கு மூன்று ஒயர். அதன் பிறகு யாரும் யாருக்காகவும் கம்ப்யூட்டரை எரியவிட வேண்டியதில்லை. உள்ளே போன கையோடு அண்ணன் அட்மின் பாஸ்வேர்டை மாற்றி, ஒரு காகிதத்தில் எழுதிச் சாமி படத்துக்குப் பின்னால் செருகினார். அந்த மோடத்தின் சாவி எங்கள் வீட்டில் இருந்தது. இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

சித்திரை, வைகாசியில் மாங்காய் காய்த்திருக்கும்போது எங்கள் பக்கம் இடியோடு மழை வரும். செம்புக் கம்பி வழியே மின்னல் வந்தால் மோடம் போகும், ஸ்விட்ச் போகும், லேன் கார்டுகள் வரிசையாகப் போகும். ஒரு கோடையில் அப்படிப் போயிருக்கிறது. அதன் பிறகு வானம் கறுத்தாலே அம்மா வாசலில் நின்று சொல்வார்: “இடி கேக்குது, மொதல்ல அந்த ஒயரப் புடுங்குங்கடா.” போன் ஒயர், கரண்ட் ஒயர் இரண்டையும் பிடுங்குவோம். எந்த ஒயர் எங்கிருந்து வருகிறது, எதைப் பிடுங்கினால் எது நிற்கும் என்பது எழுத்துக் கூட்டிப் படிக்கும் அம்மாவுக்கும் அத்துபடி.

பிளஸ்டூ ரிசல்ட் வரும் நாள் எங்கள் கடைக்குத் திருவிழா. காலையிலிருந்தே பிள்ளைகள் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். நடு அறைக்கும் கொல்லை அறைக்கும் கூட ஆட்களை அனுப்பி, மூன்று கம்ப்யூட்டரிலும் ரிசல்ட் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்வோம். பக்கம் திறப்பதற்குள் உயிர் போய் உயிர் வரும். மதிப்பெண் பக்கம் எழுத்து மட்டும்தான், சில கிலோபைட். அதற்கு 256 போதும். வீட்டு உள்முற்றத்தைத் தாண்டி ஊரார் பிள்ளைகள் எங்கள் தங்கையின் அறைவரை வந்து போனது அந்த ஒரு நாள்தான். ஒரு பெண் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு அழுகையை அடக்க முடியாமல் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். நல்ல மதிப்பெண்தான் அது.

2012-இல் தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு உச்சத்தில் இருந்தது. மாவட்டங்களில் நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இல்லாத நாட்கள் உண்டு. சாமல்பட்டியிலோ 2001 முதல் ஒரு மின் நிலையம் இருந்தது. ஃபர்னஸ் ஆயிலில் ஓடும் என்ஜின்கள், நூறு மெகாவாட்டுக்குச் சற்று மேல் திறன். அங்கே உற்பத்தியாகும் மின்சாரம் மாநிலக் கட்டமைப்புக்குப் போய், எல்லோருக்கும் போலத்தான் எங்களுக்கும் திரும்பி வரும்; ஊரில் மின் நிலையம் இருப்பதால் ஊருக்கு விளக்கு எரியும் என்று அர்த்தமில்லை. அந்த இருட்டில் அண்ணன் ஒரு வேலை செய்தார். மோடத்துக்கு ஒன்பது வோல்ட் போதும், ஸ்விட்சுக்கு அதைவிடக் குறைவு. ஸ்கூட்டர் பேட்டரி ஒன்றிலிருந்து ரெகுலேட்டர் சிப் வைத்து இரண்டுக்கும் மின்சாரம் கொடுத்தார். டெஸ்க்டாப்புகள் அணைந்துவிடும். ஆனால் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் தெருவில் சில பிள்ளைகளுக்கு லேப்டாப் வந்திருந்தது. அவர்கள் எங்கள் திண்ணைக்கு வந்து ஸ்விட்சில் மிச்சமிருந்த துளைகளில் ஒயர் சொருகிக்கொள்வார்கள். தெரு முழுக்க இருட்டு, திண்ணையில் நான்கு திரை வெளிச்சம். அரசு ஒரு கையில் கம்ப்யூட்டர் கொடுத்தது. இணைப்பைப் பங்கு போட்டுக் கொடுக்க ஒரு எட்டுத் துளை ஸ்விட்ச் போதுமாயிருந்தது. அப்படிப் படித்தவர்களில் இருவர் இன்று பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கிறார்கள்.

பிறகு ஸ்மார்ட்போன் வந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் தனித்தனி இன்டர்நெட். அண்ணன் ஓசூரிலேயே வீடு கட்டினார், தங்கை கல்யாணமாகிப் போனாள், கொல்லை ஒயர் ஓட்டுக்குக் கீழே தொங்கியபடி கிடந்தது. செல்போனே போதும் என்று டெலிபோன் லைனைச் சரண்டர் செய்தோம்.

2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியது. அண்ணன் மகன் பெங்களூரிலிருந்து சாமல்பட்டிக்கு வந்துவிட்டான், வீட்டிலிருந்தே வேலை. அவன் தங்கைக்கு ஆன்லைன் வகுப்பு. எனக்குக் கடையின் இ-சேவை விண்ணப்பங்கள். மறுபடியும் ஒரே வீட்டில் மூன்று கம்ப்யூட்டர், ஒரே இணைப்பு. இந்த முறை கேபிள் டிவிக்காரர் மூலம் ஃபைபர் வந்தது: 100 மெகாபிட். நூலிழை போன்ற கண்ணாடியில் மின்னல் பாயாது. அம்மா இருந்திருந்தால் அதைத்தான் முதலில் கேட்டு மகிழ்ந்திருப்பார்.

இணைப்பு வந்த மறுநாளே புகார் தொடங்கியது. முன்னறையில் பெட்டிக்குப் பக்கத்தில் 90-க்கு மேல் காட்டும் வேகம், கொல்லை அறையில் ஐந்தாறுக்கு இறங்கியது. எங்கள் வீடு தாத்தா கட்டியது. ஒன்றரை அடி கருங்கல் சுவர். சாமல்பட்டி என்ற பெயர் உலக நிலவியல் ஆய்வுகளில் அடிபடுவதே இங்குள்ள கார்பனடைட் பாறைகளால்தான். கல்லுக்குப் பஞ்சமில்லாத ஊரில் கல் சுவருக்கு மட்டும் பஞ்சமா? வைஃபையின் ஐந்து கிகாஹெர்ட்ஸ் அலை அந்தச் சுவரில் ஒன்றைத் தாண்டும்போதே தளர்ந்துவிடும், இரண்டாவதைத் தாண்டாது. அதோடு வைஃபை என்பது பொதுக் காற்று. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். ஒயரில் ஒவ்வொரு அறைக்கும் தனிப் பாதை, போவதும் வருவதும் ஒரே நேரத்தில்.

வேகம் போதவில்லை என்று கம்பெனிக்குப் போன் செய்தால் 200 மெகாபிட் திட்டத்துக்கு மாறச் சொன்னார்கள். வீட்டு வாசல்வரை 100 முழுசாக வந்துகொண்டிருக்கிறது, குறைவது சுவரில். அதற்கு வாசலில் 200 கொடுத்து என்ன செய்ய? ஒயர் இழுப்போம் என்றேன். “சித்தப்பா, இந்தக் காலத்துல யாரு ஒயர் இழுக்கறாங்க?” என்றான் பையன். அவன் லேப்டாப்பில் லேன் துளையே இல்லை. யுஎஸ்பி-யில் சொருகும் லேன் அடாப்டர் ஒன்று வரவழைத்தோம். பழைய கிரிம்பிங் கருவி பரணில் துருப் பிடிக்காமல் இருந்தது. புது கேட்-6 ஒயரை அதே வென்டிலேட்டர் வழியாக, அதே ஓட்டுச் சரிவில் கொண்டுபோனோம். மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்கும் பிள்ளைக்கு எட்டுக் கம்பியின் நிற வரிசையை ஊரிலிருந்த நான் சொல்லிக் கொடுத்தேன். கொல்லை அறையில் வேகம் 94-இல் போய் நின்றது. அலுவலகக் கூட்டத்தில் அவன் குரல் அறுவதும் நின்றது.

அதோடு முடிந்திருந்தால் இது வெறும் ஒயர் கதை. மாந்தோப்பில் திருட்டு கூடியதால் கேமரா வைத்து, அதைப் பதிவு செய்யும் பெட்டியை வீட்டில் வைத்தோம். வெளியூரிலிருந்து அந்தப் பெட்டியை நேராகப் பார்க்க ரவுட்டருக்குள் போய் ஒரு வழி திறந்துவிட வேண்டும். ஃபைபர் பெட்டியின் அட்மின் பாஸ்வேர்டு கேட்டேன். “அத குடுக்கற பழக்கம் இல்லீங்கண்ணா. வைஃபை பேரு மாத்தணும்னா எங்களுக்கு ஒரு போன் பண்ணுங்க, நாங்க இங்கேருந்தே மாத்திடுவோம்” என்றார் கம்பெனிப் பையன். அவன் மேல் குற்றமில்லை. அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது அவ்வளவு. வாடகை நான் தருகிறேன், மின்சாரம் என்னுடையது, பெட்டி என் சுவரில் தொங்குகிறது. சாவி மட்டும் வேறு ஊரில்.

அதையும் தாண்டி இன்னொன்று. ஃபைபர் தந்த கம்பெனி எங்கள் வீட்டுக்கென்று தனி வெளிமுகவரி தரவில்லை. எங்கள் பெட்டிக்கு வெளிப்பக்கம் கிடைத்திருந்த முகவரி 100.64 வரிசையைச் சேர்ந்தது. முகவரிப் பஞ்சம் முற்றி, உலகக் கையிருப்பின் கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரி 3 அன்று பங்கிடப்பட்டுத் தீர்ந்துவிட்டன. அடுத்த ஆண்டே, இணைப்பு தரும் கம்பெனிகள் பல வீடுகளை ஒரே வெளிமுகவரியில் அடக்குவதற்கென்று இந்த வரிசை ஒதுக்கப்பட்டது. அன்று எங்கள் வீட்டு மோடம் மூன்று கம்ப்யூட்டருக்குச் செய்த அதே வேலையை இன்று எங்கோ ஒரு நகரத்தில் இருக்கும் கருவி பல தெருக்களுக்குச் செய்கிறது. கேர் ஆஃப் கடை இப்போது ஊரிலேயே இல்லை. கண்ணாடி நூலும் அப்படித்தான்: ஓர் இழையைக் கம்பத்தில் பிரித்து 32, 64 வீடுகளுக்குப் பங்கு போடுகிறார்கள். பங்கு போடுவதில் எனக்கு எதிர்ப்பில்லை. பங்கு போட்டு வளர்ந்த வீடு எங்களுடையது. ஆனால் வெளியிலிருந்து என் வீட்டுக் கதவை நானே தட்ட வழியில்லை. எங்கள் மாந்தோப்பின் படத்தை நான் பார்க்க அது முன்பின் தெரியாத ஒரு கம்பெனியின் சர்வருக்குப் போய்த்தான் திரும்பி வருகிறது.

இதற்கு நிரந்தர வழி எப்போதோ வந்துவிட்டது. ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை 1998-லேயே வரையறுக்கப்பட்டது. அதில் வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி கொடுத்தாலும் தீராது. ஜியோ தன் செல்போன் இணைப்புகளில் அதைப் பரவலாகக் கொடுத்ததால் இந்தியா இன்று உலகில் ஐபிவி6 அதிகம் புழங்கும் நாடுகளில் ஒன்று. செல்போனில் இருப்பது வீட்டு ஃபைபரில் எல்லா இடத்திலும் இல்லை. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோகும் பாரத்நெட் வேலை நடக்கிறது. ஊராட்சிவரை நூல் வந்த பிறகு வீட்டுக்குள் அது எப்படிப் போகிறது, யார் கையில் சாவி என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டிய நேரம் இது.

ஆகவே வாசகர்களுக்குச் சொல்லிக்கொள்வது இவ்வளவுதான். வீடு கட்டுகிறவர்கள், கான்கிரீட் போடுவதற்கு முன்பு எலக்ட்ரீஷியன் பைப் பதிக்கும் அன்று பக்கத்தில் நில்லுங்கள். கரண்ட் ஒயர் போகும் பைப்பில் சேர்க்காமல், ஒவ்வொரு அறைக்கும் லேன் ஒயருக்கென்று தனி பைப் ஒன்று போடச் சொல்லுங்கள். பிறகு சுவரை வெட்டும் செலவில் அது மிகச் சிறு பங்கு. ஏற்கெனவே கட்டிய வீடு என்றால், வேகம் போதவில்லை என்று பெரிய திட்டத்துக்கு மாறும் முன்பு பெட்டியின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். அங்கே நான்கு துளைகள் சும்மா இருக்கும். புது இணைப்பு வாங்கும்போது மூன்று கேள்விகளை, கையெழுத்துப் போடுவதற்கு முன்பே, கேளுங்கள்: அட்மின் பாஸ்வேர்டு எனக்குத் தருவீர்களா, ஐபிவி6 உண்டா, என் சொந்த ரவுட்டரை வைத்துக்கொள்ளலாமா? கேட்பவர்கள் பத்துப் பேர் ஆனால், கேபிள்காரர் தன் மேலிடத்தில் கேட்பார்.